கை மரத்துப்போவது கீபோர்டு வியாதியா?

9 ஜூலை 2023 – கேள்வி

வயது 31. ஐடி வேலை. நாலு மாதமாக வலது கை மதமதவென்று மரத்துப்போகிறது. ஆபீசில் எல்லோரும் "கார்ப்பல் டனல், கீபோர்டை மாற்று" என்கிறார்கள். இது முழுக்க முழுக்க கம்ப்யூட்டர் கொண்டுவந்த வியாதி என்பது என் கட்சி. நம் பாட்டிகள் யாருக்காவது இது வந்ததா? (ஊரில் அம்மாவும் ராத்திரி கை மரக்கிறது என்கிறார். அது வயசு.) அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூலை 2023, இரவு 11:50

தம்பி, உங்கள் கட்சிக்கு டெபாசிட் காலி. நான் கீபோர்டைத் தொட்டதே இல்லை. இதைக்கூடப் போனில் பேசித்தான் எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கம் 22 வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். போன வாரம் எனக்கும் கார்ப்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் நோய் மாதிரி தெரிகிறது என்றார் டாக்டர்.

ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்குக் கை என்னை எழுப்பிவிடும். ஐந்து விரலும் மரத்து, உள்ளே எறும்பு ஊறும். விரல்கள் வாழைக்காய் மாதிரி தடித்துவிட்டதாகத் தோன்றும். லைட்டைப் போட்டுப் பார்த்தால் வீக்கம் ஒன்றும் இருக்காது. கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, ஈரக் கையை உதறுவதுபோல் உதறினால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். பகலில் பஸ் கம்பியைப் பிடித்தாலும் வரும், போனைக் காதில் வைத்தாலும் வரும். கத்தரியை எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

என் தீர்ப்பு: எனக்குக் கத்தரிதான் குற்றவாளி. பத்து அங்குல இரும்புக் கத்தரி, நாலு மடிப்பு லைனிங் துணி, ஒரு நாளைக்கு எட்டு பிளவுஸ் வெட்டு. வேறு காரணம் தேடவே வேண்டியதில்லை.

10 ஜூலை 2023

மேலே நான் எழுதியதில் ஒரு இடத்தில் "மணி கட்டு" என்று வந்திருந்ததாம், ஒருவர் கேட்டிருக்கிறார். மாட்டுக்கு மணி கட்டச் சொல்லவில்லை. மணிக்கட்டு. போன் தப்பாகக் கேட்டுவிட்டது. திருத்திவிட்டேன்.

14 ஜூலை 2023, காலை

ஒரு பெரிய திருத்தம். ஐந்து விரலும் மரக்கிறது என்று எழுதினேன் அல்லவா, அது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. தூக்கக் கலக்கத்தில் அப்படித்தான் தோன்றும்.

டாக்டர் கை வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, "எங்கே மரக்கிறதோ அங்கே கோடு போட்டுக்கொண்டு வாங்கம்மா" என்றிருந்தார். நேற்று ராத்திரி கை எழுப்பியதும் உதறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுண்ணாம்புக் கட்டியால் துணியில் மார்க் பண்ணுவதுபோல், பேனாவால் கையிலேயே கோடு போட்டேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கட்டை. சுண்டுவிரல்? குத்தினால் வலிக்கிறது! முழுசாக நல்லபடி இருக்கிறது. வேடிக்கை மோதிர விரலில்தான். நடுவிரல் பக்கத்துப் பாதி மரத்திருக்கிறது, சுண்டுவிரல் பக்கத்துப் பாதி இல்லை. ஒரே விரலில் பாதி! கணவரை எழுப்பிக் காட்டினேன். அவர் "பாதியாவது நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பாவாடை இடுப்பில் நாடா கோர்க்க ஒரு பட்டி மடித்துத் தைப்போம் இல்லையா, மணிக்கட்டின் உள்பக்கம் அப்படி ஒரு பட்டி இருக்கிறது. அடியில் எட்டுச் சின்ன எலும்புகள் தொட்டில் மாதிரி வளைந்து கிடக்கின்றன, மேலே குறுக்காக ஒரு தடித்த நார்ப்பட்டை கூரை போட்டிருக்கிறது. பாவாடையில் ஒரு நாடா. இதிலோ பத்து! நாலு விரலுக்கும் ஆளுக்கு இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று என்று ஒன்பது தசைநாண்கள். பத்தாவதாக அந்த நெரிசலில் மாட்டிக்கொண்ட மீடியன் நரம்பு. உள்ளே எது தடித்தாலும் முதலில் நசுங்குவது அதுதான். கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரை உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்பு. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அது இந்தப் பட்டிக்குள் வருவதில்லை. உள்ளங்கைத் தோலுக்குப் போகும் கிளையும் கூரைக்கு மேலேயே போய்விடுகிறதாம். அதனால்தான் விரல் மரத்தாலும் உள்ளங்கை மரப்பதில்லை.

ஆகவே தம்பி, கீபோர்டு மாற்றுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். உங்களுக்கு எந்த விரல்?

15 ஜூலை 2023

தம்பி "எல்லா விரலும்தான்" என்கிறார். நானும் அப்படித்தான் சொன்னேன். பேனாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.

22 ஜூலை 2023

சேலத்து அண்ணன் ஒருவர் "பி12 ஊசி ஐந்து போட்டால் ஓடிப்போகும்" என்று எழுதியிருக்கிறார். அண்ணா, தெரு முனை மருந்துக்கடைக்காரரும் அதையே சொல்லி, கார்ப்பல் டனல் என்ற பெயரே கேள்விப்படாத காலத்தில் ஐந்தும் போட்டாயிற்று. ஓடிப்போனது பணம். பி12 குறைந்தாலும் கை மரக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் முதலில் தொடங்குமாம், விரல் பாதி விட்டுப் பாதி பிடிக்காது. என் ரத்தத்தில் பி12 சரியாகவே இருந்தது. இன்னொருவர் பி6 மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை விழுங்குகிறாராம். அதை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

5 ஆகஸ்ட் 2023

ஆடி மாதம், ஆர்டர் குறைவு. சோதனை எல்லாம் இப்போதுதான் செய்ய முடிந்தது.

முதல் சோதனைக்குப் பைசா செலவில்லை. கும்பிடுவதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: இரண்டு புறங்கையையும் ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, ஒரு நிமிடம். அமெரிக்காவில் ஃபாலன் என்ற டாக்டர் பரவச் செய்த சோதனையாம். எனக்கு இருபது எண்ணுவதற்குள் எறும்பு வந்துவிட்டது. அடுத்து மணிக்கட்டில் விரலால் தட்டினார், நடுவிரல் நுனிவரை சுரீரென்று ஓடியது. இது டினெல் பெயரில் வழங்குவது. முதல் உலகப் போரில் நரம்பு அறுந்து வந்த சிப்பாய்களைப் பார்த்து 1915இல் எழுதிய பிரெஞ்சுக்காரர்.

அப்புறம் என்சிஎஸ், அதாவது நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. வயரை ஒட்டி, சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார்கள். ஏசி அறையில் என் கை ஜில்லென்று இருந்ததால், செய்யும் பெண் நிறுத்திவிட்டு வெந்நீர்ப் பையால் சூடேற்றிவிட்டுத்தான் தொடங்கினார். கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்புகூட மெதுவாகத்தான் தெரியுமாம். வளையல் கழலவில்லை. சோப்புப் போட்டு இழுத்தோம். வலது கை "மிதமான பாதிப்பு". இடது கையிலும் "லேசான பாதிப்பு" என்று வந்தது.

இடது கையா? அது கத்தரி பிடித்ததே இல்லையே! டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுகரும் தைராய்டும் எழுதிக்கொடுத்தார்.

8 ஆகஸ்ட் 2023

சுகர் இல்லை. தைராய்டு டிஎஸ்எச் 38. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. தைராய்டு சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறுமாம்.

கத்தரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று. ஊருக்கெல்லாம் அளவெடுப்பவள் நான். ஒன்றரை வருடத்தில் என் பிளவுஸ் மார்பு அளவு 36லிருந்து 39 ஆனது. இரண்டு தடவை பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தேன். மோதிரத்தைக் கழற்றி பீரோவில் வைத்தேன். முடி கொட்டியது, எப்போதும் குளிர், மத்தியானம் மெஷின் மேலேயே தூக்கம். எல்லாவற்றுக்கும் நாற்பத்தேழு வயதையும் ராத்திரிச் சோற்றையும் குறை சொன்னேன். வாடிக்கையாளர் யாராவது இப்படி மூன்று அங்குலம் ஏறியிருந்தால் "உடம்பைப் பாரும்மா" என்று முதலில் சொல்வது நான்தான்.

தைராய்டு சுரப்பு குறையும்போது உடம்பின் திசுக்களில் நீர் கோத்துக்கொள்கிறது. மணிக்கட்டுப் பட்டிக்கு அகலம் கூடாது, உள்ளே இருப்பவை மட்டும் தடிக்கும். சர்க்கரை, முடக்குவாதம், கர்ப்பம், உடல் எடை என்று வேறு பல வாசலும் இதற்கு உண்டு. பெண்களுக்கு அதிகம் வருகிறது.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை தொடங்கியாயிற்று. காபி அப்புறம்தான். கஷ்டமே அதுதான்.

12 ஆகஸ்ட் 2023

மேலே எழுதியதை நானே மறுத்துக்கொள்கிறேன், முழுக்க இல்லை, பாதி.

கத்தரிக்கு முழு விடுதலை கொடுத்தது அவசரம். பலமாக அழுத்திப் பிடித்து திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிரும் கருவி பிடிக்கும் வேலை, இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது டாக்டர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். இறைச்சி வெட்டும் தொழிற்சாலை ஆட்களுக்கும், பாறை துளைக்கும் மெஷின் பிடிப்பவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. எனக்குத் தைராய்டு இரண்டு கையையும் பிடித்தது, கத்தரி வலது கையை ஒரு படி மேலே தள்ளியது. இப்படித்தான் கணக்குப் போடுகிறேன்.

ஆனால் தம்பியின் கீபோர்டு விஷயத்தில் பின்வாங்க மாட்டேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நாள் முழுக்க கம்ப்யூட்டரில் வேலை செய்கிற தங்கள் ஊழியர்களையே பரிசோதித்து 2001இல் எழுதினார்கள். மற்ற சனங்களுக்கு எவ்வளவு வருமோ ஏறத்தாழ அதே அளவுதான் அவர்களுக்கும் இருந்தது. கீபோர்டால் கை வலிக்காது என்று நான் சொல்லவில்லை, வலிக்கும். வலிப்பது எல்லாம் கார்ப்பல் டனல் ஆகாது.

13 ஆகஸ்ட் 2023

"பாட்டிகளுக்கு வந்ததா" என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் புத்தகத்தையும் போனையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் தேடினோம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நரம்பு டாக்டர் ஜேம்ஸ் புட்னம் 1880இலேயே 37 நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் பெண்கள். ராத்திரி கை மரத்து விழிப்பு வருகிறது, உதறினாலோ தொங்கவிட்டாலோ தணிகிறது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. காரணம் மணிக்கட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. 1913இல் பாரிசில் பியர் மாரியும் ஃபுவாவும், கட்டைவிரல் மேடு வற்றிப்போய் இறந்த எண்பது வயதுக்காரர் ஒருவரின் கையை அறுத்துப் பார்த்தார்கள். நரம்பு அந்தப் பட்டைக்கு மேல் பக்கம் வீங்கி, அடியில் நசுங்கிக் கிடந்தது. முன்கூட்டியே பட்டையை வெட்டிவிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்றும் எழுதினார்கள். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்தடி விலா எலும்புதான் நரம்பை அழுத்துகிறது என்று நம்பி, கை மரத்த பெண்களுக்குக் கழுத்துப் பக்கம் ஆபரேஷன் செய்த காலம் அது! 1947இல் லண்டனில் ரசல் பிரெயினும் கூட்டாளிகளும் ஆறு பெண்களின் கதையை எழுதினார்கள். பிறகு ஃபாலன் ஐம்பதுகளில் ஊர் ஊராகப் பேசித்தான் இது எல்லா டாக்டருக்கும் தெரிந்தது. நரம்பு டாக்டருக்குப் பெயரே பிரெயின் என்று மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

என் அப்பத்தா ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வாய்வு என்று பூண்டு சுட்டுக் கொடுத்தோம். அது இதுதானா என்று இப்போது யார் சொல்வது? ஆனால் உதறிய விதம் இதே விதம்.

27 ஆகஸ்ட் 2023

மணிக்கட்டு பெல்ட், அதாவது ஸ்ப்ளின்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு.

பகலில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போக இல்லை, ராத்திரிக்குத்தான் அது. நாம் தூங்கும்போது கையை மடக்கிக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்கிறோம். அந்தப் பட்டிக்குள் ஊசி விட்டு அழுத்தத்தையே அளந்து பார்த்திருக்கிறார்கள், 1981இல். நல்ல கையில் சராசரி 2.5, இந்த நோய் உள்ளவர்கள் கையில் 32. ரத்த அழுத்தத்துக்குச் சொல்கிற அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கு. மணிக்கட்டை முன்னால் மடக்கினால் 94, பின்னால் வளைத்தால் 110. நேராக வைத்தால்தான் நரம்புக்கு மூச்சு.

இங்கேதான் நான் ஏமாந்தேன். கடையில் வாங்கிய பெல்ட்டுக்குள் ஒரு அலுமினியத் தகடு இருக்கும். அது கையைப் பின்பக்கம் வளைத்துப் பிடிக்கிற மாதிரி செய்திருந்தது. ஒரு வாரம் போட்டும் பலன் இல்லை. டாக்டரிடம் காட்டியதும் "இதை நேராக்குங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து தகட்டை உருவி, கட்டிங் டேபிள் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டி நேராக்கிச் சொருகினேன். மூன்றாம் ராத்திரி விடியும்வரை தூங்கினேன். இறுக்கிக் கட்டாதீர்கள், இறுக்கினால் நீங்களே ஒரு கூரை போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

3 செப்டம்பர் 2023

வரிசையாக மூன்று பதில்கள். நான் டாக்டர் இல்லை, ஒரு டாக்டரின் நோயாளி. அதை வைத்துக்கொண்டு படியுங்கள்.

பல்லடம் தங்கைக்கு: எட்டாம் மாதத்தில் இரண்டு கையும் மரப்பது நிறையப் பேருக்கு வருகிறது, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாக அடங்கிவிடும். ராத்திரி பெல்ட் போடுங்கள், உங்கள் டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

கைக்குழந்தையைத் தூக்கினால் கட்டைவிரல் அடியில் சுள்ளென்று வலிக்கிறது என்றவருக்கு: மரப்பு இல்லை என்கிறீர்களே, அப்போது இது வேறு. கட்டைவிரல் தசைநாண் உறையில் வருவது. கையைக் காட்டிவிடுங்கள்.

கழுத்தைத் திருப்பினால் கைக்கு ஓடுகிறது என்ற பெரியவருக்கு: ஐயா, கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாமாம்.

19 செப்டம்பர் 2023

தம்பி பேனாப் பரீட்சை எழுதிவிட்டார்! சுண்டுவிரலும் மோதிர விரலின் சுண்டுவிரல் பக்கத்துப் பாதியும். எனக்கு எந்தப் பாதி நல்லபடி இருந்ததோ அந்தப் பாதி அவருக்கு மரக்கிறது. மீடியன் நரம்பே இல்லை, அல்நார் நரம்பு, அதன் நெருக்கடி பெரும்பாலும் முழங்கையில். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி, ராத்திரி மடக்கிப் பிடித்துக்கொண்டு போன் பார்க்கிறவராம். புதுக் கீபோர்டுக்கு நாலாயிரம் போனதுதான் மிச்சம்.

அவர் கேள்வியை மறுபடி மேலே போய்ப் படித்தேன். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. அம்மாவும் ராத்திரி கை மரக்கிறது என்கிறார், அது வயசு. இரண்டு மாதமாக நாம் எல்லோரும் அந்த வரியைத் தாண்டிக்கொண்டே போயிருக்கிறோம், நான் உட்பட. தம்பி, அம்மாவுக்கு எந்த விரல்?

8 அக்டோபர் 2023

தைராய்டு மாத்திரை இரண்டு மாதம். டிஎஸ்எச் 11க்கு வந்தது. இடது கை சரியாகிவிட்டது, மரப்பதே இல்லை. வலது கை பாதிதான். தீபாவளி ஆர்டர் கழுத்துவரை இருக்கிறது, அறுபத்து நாலு பிளவுஸ். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட ராத்திரி கொஞ்சம் கடுத்தது, நாலாம் நாளிலிருந்து கை புதுசு. சர்க்கரை உள்ளவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், சில நாள் சுகர் ஏறும்.

எனக்குக் குணமாகிவிட்டது. இந்த இழைக்கு இத்தோடு கும்பிடு. நேர்க் கும்பிடு.

26 நவம்பர் 2023

கும்பிடை வாபஸ் வாங்குகிறேன்.

ஏழு வாரம் ஆயிற்று. மரப்புத் திரும்பவில்லை, எறும்பும் இல்லை, ராத்திரி விழிப்பும் இல்லை. அதனால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். போன வியாழன், முகூர்த்தத்துக்கு ஒரு சந்தன நிறப் பட்டு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஊசியின் பின்பக்கத்தை நடுவிரலால் தள்ளுவது என் பழக்கம், இரும்புத் தொப்பி மாட்டுவதில்லை. மூன்றாவது கொக்கி முடித்துத் திருப்பிப் பார்த்தால் பட்டில் கடுகளவு சிவப்பு. அப்புறம் இன்னொன்று. எங்கிருந்து என்று தேடினேன். ஊசிக்காது நடுவிரல் நுனியைக் கிழித்து உள்ளே இறங்கியிருக்கிறது. நான் மூன்று கொக்கி வைத்து முடிக்கும்வரை அது எனக்குத் தெரியவில்லை.

கறையை எடுத்துவிட்டேன். சொந்த ரத்தத்துக்குச் சொந்த எச்சில், தையல் வேலையில் பழைய வித்தை. நூல் நுனியை வாயில் ஈரமாக்கி ஒற்றி ஒற்றி எடுத்தால் பட்டில் தடம் தெரியாது. ஆனால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எறும்பு ஊறியது நரம்பு சத்தம் போட்டது. இப்போது சத்தம் போடக்கூட ஆளில்லை.

27 நவம்பர் 2023

இதோடு இன்னொன்று. எதிர்வீட்டு மாமா கைரேகை பார்ப்பார், பொழுதுபோக்கு. போன மாதம் என் வலது கையைப் பார்த்து, "சுக்கிர மேடு வற்றிப் போச்சேம்மா, சுகபோகம் குறையும்" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். நேற்று இரண்டு கையையும் சேர்த்துப் பக்கவாட்டில் பார்க்கிறேன். இடது கையில் கட்டைவிரல் அடியில் மேடு, வலது கையில் அதே இடம் சப்பை. அந்த மேட்டின் தசைகளில் பெரும்பங்கை இயக்குவது இதே மீடியன் நரம்புதான். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே தூக்கிக் கொண்டுவருவது அந்தத் தசை. பட்டன் போடவும் சாவி திருப்பவும் அது வேண்டும்.

டாக்டரும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி ஊசி வேண்டாம், ஆபரேஷன்" என்றார். அக்டோபரிலேயே கையைப் பார்த்துச் சொன்ன ஒரே ஆள் கைரேகை மாமா. பலன்தான் தப்பாகச் சொன்னார்.

8 அக்டோபர் குறிப்பில் "குணமாகிவிட்டது" என்று எழுதியதை நம்பி இரண்டு பேர் ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஊசி பலருக்கு நல்லது செய்கிறது, ஆனால் எத்தனையோ பேருக்கு சில மாதத்தில் திரும்புகிறது. வலி போனதை மட்டும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள், மேட்டைப் பாருங்கள்.

22 டிசம்பர் 2023

மார்கழி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, பிளவுஸ் இல்லை, தையல்காரி கையை வெட்டிக்கொள்ள நல்ல மாதம். ஆபரேஷன் முடிந்து இன்று மூன்றாம் நாள். மகள் தட்டுகிறாள், நான் சொல்கிறேன்.

மயக்கம் கொடுக்கவில்லை, கையை மட்டும் மரக்க வைத்தார்கள். மரத்த கையை மரக்க வைக்க ஊசி என்று நர்ஸிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. மேல்கையில் பிபி பார்ப்பதுபோல் ஒரு பட்டையைக் கட்டி ரத்தத்தை நிறுத்துகிறார்கள், உண்மையில் கஷ்டம் அதுதான். கத்தி பட்ட இடம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை அடியில் ஒன்றரை அங்குலம் கீறி, அந்த நார்ப்பட்டையைக் குறுக்கே வெட்டிவிடுகிறார்கள். அவ்வளவுதான் ஆபரேஷன். நரம்பில் கை வைப்பதில்லை. இறுக்கமான பட்டித் தையலைப் பிரித்துவிடுகிற வேலை. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் முறையும் உண்டு, என் டாக்டர் திறந்து செய்பவர்.

கட்டு மாற்றும்போது தையலைப் பார்த்தேன். ஐந்து தையல். நாலு ஒரே இடைவெளி, கடைசி ஒன்று தள்ளி. பிளவுஸ் என்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

4 பிப்ரவரி 2024

ஏழாவது வாரம். எது வந்தது, எது வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

ஆள்காட்டி விரலில் உணர்ச்சி வந்துவிட்டது. நடுவிரல் நுனி இன்னும் மெல்லிய துணி சுற்றிய மாதிரி. நரம்பு இழை சேதப்பட்டிருந்தால் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு நீங்களே கணக்குப் பாருங்கள். கட்டைவிரல் மேடு அப்படியே சப்பைதான். அது முழுசாக வராமலும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஜூலையிலேயே தைராய்டு தெரிந்திருந்தால், அல்லது அதற்கு ஒரு வருடம் முன்னால், பி12 ஊசிக் காலத்திலேயே, என்று ராத்திரி யோசிப்பேன். இப்போது தூக்கம் வருகிறது, யோசிக்கவும் நேரமில்லை.

தழும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கை ஊன்றினால் வலிக்கிறது. சப்பாத்தி தேய்க்க முடியவில்லை. இது சில மாதம் இருக்குமாம். வீட்டில் யாரும் சப்பாத்தி கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

17 மார்ச் 2024

பெரிய கத்தரியை எடுத்தேன். இரண்டு மடிப்புத்தான், நாலு இல்லை. சின்ன வெட்டுக்கு எட்டு அங்குலக் கத்தரி வாங்கியிருக்கிறேன். வெட்டும் பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்தாயிற்று.

23 மார்ச் 2024

தம்பி எழுதியிருக்கிறார். முழங்கை ஊன்றுவதை விட்டதும் அவருக்கு மரப்புக் குறைந்துவிட்டது. அம்மாவிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறார்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இரண்டு கையும். பூக் கட்டும்போது நார் நழுவிவிடுகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராம், அதையும் இப்போதுதான் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை என்சிஎஸ் எடுக்கப் போகிறார்களாம், அம்மா பயப்படுகிறாராம்.

பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள், சுள் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். அன்றைக்குக் கைக்கு எண்ணெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம், வயர் ஒட்டாது. அறை குளிராக இருந்தால் கையைச் சூடேற்றச் சொல்லிக் கேளுங்கள். கட்டைவிரல் மேட்டை டாக்டர் பார்க்காவிட்டால் நீங்களே காட்டுங்கள். அப்புறம், வளையலை வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

கழலாவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.